பணம் கட்டுவதற்கு முன் இணையத்தள உருவாக்கியில் எதைச் சோதித்துப் பார்ப்பது?

வாசகர் கேள்வி — 2025 ஜூலை 6, ஞாயிறு

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்தும் ஆரி வேலைப்பாடு செய்தும் கொடுக்கிறேன். இதுவரை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டகிராமிலுமே வேலை நடந்தது. மகள் ஓர் இணையத்தள உருவாக்கியைக் காட்டினாள், நிரல் எழுதத் தெரியாமலே தளம் அமைத்துக்கொள்ளும் சேவை அது. 14 நாள் இலவசம், கடன் அட்டை எண்கூடக் கேட்கவில்லை. ஒரே மாலையில் முகப்புப் பக்கம் அழகாக அமைந்துவிட்டது. ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் மாதக் கணக்கில் குறைவு என்பதால் இந்த வாரமே கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு பொருளை அறிந்துகொள்ள 14 நாள் தாராளம் என்பது என் எண்ணம். யாருக்கேனும் மறுப்பு உண்டா?

ஜூலை 6, இரவு 9.40

எனக்கு மறுப்பு உண்டு. நாள் எண்ணிக்கையில் அன்று, அந்த நாள்களில் எதைப் பார்க்கிறோம் என்பதில்.

இலவசமாகப் பார்க்கக் கொடுக்கும் எந்த நிறுவனமும் தனக்கு நன்றாக வருவதையே முன்னால் நிறுத்தும். இந்த உருவாக்கிகள் எல்லாவற்றுக்குமே நன்றாக வருவது பக்கத்தைக் கட்டுவது. படத்தை இழுத்துப் போட்டால் இடத்தில் அமர்ந்துகொள்ளும், நிறத்தை ஒரு தட்டில் மாற்றலாம், முகப்பு ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் பணம் கட்டப்போவது அந்த மாலைக்கு இல்லை. சொந்த முகவரி, வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் வசதி, கூகல் தேடலில் தென்படுவது, அடுத்த ஆண்டு வரப்போகும் புதுப்பிப்புக் கட்டணம், பிடிக்காமல் போனால் எழுதியதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறும் வழி ஆகியவற்றுக்குத்தான் கட்டப்போகிறீர்கள். இவற்றுள் பாதிக்கு மேல் சோதனைக் காலத்தில் பூட்டியே இருக்கும். வாடகை வீடு பார்க்கப் போனவர் குழாயைத் திறந்து பார்க்காமல் சுவரின் வண்ணத்தை மெச்சிவிட்டு முன்பணம் கொடுத்த கதையாகிவிடக் கூடாது.

முதலில், உங்கள் மகள் காட்டியது எந்த வகை ஏற்பாடு என்று பார்த்துவிடுங்கள். ஸ்குவேர்ஸ்பேஸ் போன்றவை 14 நாள் தருகின்றன. அட்டை எண் கேட்பதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உங்கள் தளத்தைத் தேடுபொறிகள் அட்டவணைப்படுத்துவதில்லை. விக்ஸில் கெடு கிடையாது, இலவசத் திட்டமே உண்டு. முகவரியில் அவர்கள் பெயர் இருக்கும், பக்கத்தின் தலையில் அவர்கள் விளம்பரம் இருக்கும். கட்டணத் திட்டத்துக்கு மாறியபின் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வேர்ட்பிரஸ் டாட் காமும் இலவசத் திட்டம் வைத்திருக்கிறது. ஷாப்பிஃபை கொடுப்பது சில நாள்கள்தாம், அதன்பின் முதல் மாதங்களுக்கு ஒரு சலுகை விலையைக் காட்டும். கெடு வைத்த சோதனை, கெடு இல்லாத குறைப்பதிப்பு, கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டில் உங்கள் பணம் உங்களிடம் இருக்கிறது. மூன்றாவதில் அவர்களிடம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலை 7, மதியம்

அலுவலக உணவு இடைவேளையில் எழுதுவதால் சுருக்கமாக: வார்ப்புருவில், அதாவது உருவாக்கி முன்கூட்டியே வரைந்து தரும் பக்க அமைப்பில், ஏற்கெனவே இருக்கும் படங்களை முதல் வேலையாக அழித்துவிடுங்கள். வெளிச்சம் பார்த்து எடுத்த வெள்ளைக்காரப் பெண்ணின் படமும் நான்கே சொற்களில் ஒரு தலைப்பும் இருக்கும்வரை எந்தத் தளமும் அழகாகவே தெரியும். அந்த இடத்தில் உங்கள் கைப்பேசியில் எடுத்த ரவிக்கைப் படங்களையும், ‘திருமணப் பட்டுப்புடவைக்கான முழுக்கை ஆரி வேலைப்பாட்டு பிளவுஸ்’ என்ற பெயரையும், உங்கள் விலைப்பட்டியலையும் போட்டுப் பாருங்கள். அதன்பிறகும் அழகாக இருந்தால் பேசலாம்.

ஜூலை 7, இரவு 10.15

இப்போது தமிழ். இதை விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் இதைச் சொல்வதில்லை.

வார்ப்புருவின் தலைப்புகளுக்கு அமைத்திருக்கும் எழுத்துரு பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டது. தமிழில் தட்டியவுடன் உலாவி அந்தந்தக் கருவியில் கிடைக்கும் தமிழ் எழுத்துருவைத் தேடிப் போட்டுவிடும். உங்கள் ஐஃபோனில் ஒரு தோற்றம், வாடிக்கையாளரின் ஆண்ட்ராய்டில் வேறொரு தோற்றம். ஆகவே உருவாக்கியின் எழுத்துருப் பட்டியலில் தமிழுக்கென்றே வடிவமைத்தவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரன், அனெக் தமிழ் ஆகியவை கூகல் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டியலில் இல்லையென்றால் நாமே ஏற்றிக்கொள்ள முடியுமா, அந்த வசதி எந்தக் கட்டணத் திட்டத்தில் திறக்கிறது என்பது அடுத்த கேள்வி.

பெரிய ஆங்கில எழுத்துகளை இடைவெளி விட்டு அடுக்கிக் காட்டும் பாணி இப்போது எல்லா வார்ப்புருக்களிலும் இருக்கிறது. அதே இடைவெளி தமிழில் விழுந்தால் சொல் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். வரிகளுக்கு இடையிலான உயரம் குறைவாக இருந்தால் ‘மூ’, ‘கூ’ போன்றவற்றின் அடிப்பகுதி அடுத்த வரியில் இடிக்கும், அல்லது வெட்டுப்படும். சாய்வெழுத்து என்று ஒன்று பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் கிடையாது; உலாவி தானே சாய்த்துவிடும், அது யாரோ தள்ளிவிட்டதுபோல் நிற்கும். பொத்தான்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே அசையில் முடியும் இடத்தில் நாம் ‘முன்பதிவு செய்யுங்கள்’ என்று எழுத வேண்டியிருக்கிறது, சிறிய திரையில் அது பொத்தானைவிட்டு வழியும். சரிசெய்யக்கூடிய உருவாக்கிகள் இருக்கின்றன. சரிசெய்யும் இடத்தையே காட்டாதவையும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியத்தான் சோதனைக் காலம்.

பக்க முகவரி இன்னொரு தொல்லை. பக்கத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் சில உருவாக்கிகள் அந்தத் தலைப்பையே முகவரியாக்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை. முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படும். ஆக ‘க’ போன்ற ஓர் எழுத்துக்கோ உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ ஒன்பது குறிகள். ‘ஆரி வேலைப்பாடு’ என்ற இரண்டு சொற்களே நூறு குறிகளைத் தாண்டிவிடும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக ஒரு முழத்துக்கு நீண்டு, பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று அஞ்சித் தொடாமல் விட்டுவிடுவார். வேர்ட்பிரஸ் இந்தப் பெயரை 200 குறிகளோடு வெட்டிவிடுகிறது, அதாவது ஏறத்தாழ 22 தமிழ்க் குறியீடுகள். தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் உருவாக்கியே நமக்கு உகந்தது. பணம் கட்டுமுன் ஒரு பக்கத்தில் செய்து, உங்கள் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள்.

ஜூலை 8

இருமொழித் தளம் என்றால் இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் மொழியைக் குறிப்பிடும் அமைப்பு இருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டும் செயலி தடுமாறும்; உலாவியும் ‘மொழிபெயர்க்கவா’ என்று தேவையில்லாமல் குறுக்கே வரும்.

ஜூலை 9, இரவு

படிவங்களைப் பற்றித் தம்பி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவுப் படிவத்தை நீங்களே வாடிக்கையாளராக இருந்து நிரப்பிப் பாருங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரம் இட்டிருக்கும். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? என் தாயார் அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வார். முகவரிப் பகுதியில் நகரம், மாநிலம், நாடு என்று மூன்றும் கேட்டால் சிங்கப்பூர், சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று பாட்டுப் பல்லவிபோல் நிரப்ப வேண்டியதுதான். தொலைபேசி எண் நம்முடைய எட்டு இலக்கங்களை ஏற்கிறதா, அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கங்கள் அடங்குகின்றனவா என்பவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். படிவம் மறுத்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, போய்விடுவார்.

நேர முன்பதிவு வசதியில் நேர மண்டலத்தைப் பாருங்கள். அமெரிக்க நேரத்தில் அமைத்தபடியே விட்டால், சனிக்கிழமை காலை அளவெடுக்க வருவதாகச் சொன்னவரின் பதிவு உங்கள் நாள்காட்டியில் நள்ளிரவில் போய் உட்காரும். தேதி எழுதும் முறையும் அப்படியே: 10/8 என்பது ஆகஸ்ட் 10 என்று நாம் படிப்போம், அக்டோபர் 8 என்று அமெரிக்கர் படிப்பார்.

தமிழில் நிரப்பிய படிவம் உங்கள் மின்னஞ்சலுக்குத் தமிழாகவே வருகிறதா என்றும் பாருங்கள். கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் அந்த உருவாக்கியை அங்கேயே விட்டுவிடலாம்.

ஜூலை 9, மேற்கண்டதன் தொடர்ச்சி

சோதனைக் காலத்தில் உண்மையான வாடிக்கையாளர் விவரங்களைப் போடாதீர்கள். உங்கள் தொழிலில் படிவம் கேட்பது பெண்களின் உடல் அளவுகளை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012, வீட்டில் இருந்தபடி தனியாளாகத் தொழில் செய்பவருக்கும் பொருந்தும். தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். தகவல் வெளிநாட்டுச் சேமிப்புக்குப் போகுமென்றால், அங்கும் நம் சட்டத்துக்கு ஒப்பான பாதுகாப்பு கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு உங்களைச் சேரும். இந்த உருவாக்கிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவை. அளவுகளைப் படிவத்தில் கேட்காமல் நேரில் எடுத்துக் கையேட்டில் குறித்துக்கொள்வதே என் யோசனை. தளத்தில் பெயர், எண், வரும் நேரம் போதும்.

வரைபடப் பகுதியில் வீட்டுக் கதவு எண்வரை போட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எம்ஆர்டி நிலையத்தின் பெயர் போதும், முன்பதிவு உறுதியானபின் முகவரியை அனுப்பலாம். வார்ப்புருக்கள் கடை வைத்திருப்பவரை மனத்தில் கொண்டே வரையப்பட்டவை.

ஜூலை 12, சனி

வெளியேறும் வழி. நான் முதல் நாளே எழுத நினைத்தது இதைத்தான், தமிழ் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் தொண்டூழியராக இருக்கும் ஒரு சிறிய பண்பாட்டுக் குழுவின் தளம் ஓர் உருவாக்கியில் இருந்தது. எது என்று சொல்லப்போவதில்லை. பல ஆண்டு நிகழ்ச்சிகளின் அறிவிப்புகள், படங்கள், நாடகச் சுருக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. கட்டணம் ஏறியபின் செயற்குழு வேறிடத்துக்கு மாறலாம் என்று முடிவு செய்தபோதுதான் ஏற்றுமதிப் பொத்தானை முதன்முதலாக அழுத்தினோம். கட்டுரைப் பகுதி மட்டும் ஒரு கோப்பாக வந்தது. நிகழ்ச்சிப் பக்கங்கள் வரவில்லை. படங்களுக்குப் பதிலாகப் பழைய தளத்தையே சுட்டும் இணைப்புகள் வந்தன, அந்தத் தளத்தை மூடினால் அவையும் போய்விடும். இளையர்கள் சிலர் வார இறுதிகளில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்து ஒட்டினார்கள்.

இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், பெரும்பாலும் வெளிப்படையாகவே எழுதிவைத்திருப்பார்கள். விக்ஸில் கட்டிய தளத்தை வேறு வழங்கிக்கு (தளத்தை இயக்கும் கணினிக்கு) பெயர்க்க முடியாது, அது அவர்களிடமே இயங்கும். ஸ்குவேர்ஸ்பேஸ் எழுத்துப் பக்கங்களையும் வலைப்பதிவையும் வேர்ட்பிரஸ் ஏற்கும் எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகிறது. எல்லா வகைப் பக்கங்களும் அதில் அடங்குவதில்லை. வேர்ட்பிரஸ் டாட் காமில் இருந்து சொந்த வழங்கியில் நிறுவிய வேர்ட்பிரஸுக்குப் போவது ஒப்பளவில் எளிது, இரண்டும் ஒரே மென்பொருளின் இரு வீடுகள். ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கலாம். தமிழ்ப் பெயர்கள் கொண்ட சிஎஸ்வியை எக்ஸலில் நேரடியாகத் திறந்தால் குப்பைபோல் தெரியக்கூடும், பதற வேண்டாம். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்தால் தமிழ் திரும்பிவரும்.

ஆகவே என் யோசனை: நாலைந்து பக்கங்கள் போட்ட கையோடு ஏற்றுமதி செய்துபாருங்கள். என்ன வருகிறது, என்ன விடுபடுகிறது என்பதைத் தாளில் எழுதிவையுங்கள். விடுபடுவது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் கவலையின்றிக் கட்டலாம். பிளவுஸ் படங்களின் மூலக்கோப்புகள் உங்கள் கைப்பேசியில் எப்படியும் இருக்கும். விலைப்பட்டியல் ஒரு பக்கம்தான். உண்மையில் உங்களுக்கு இழப்பு எங்கள் குழுவுக்கு நேர்ந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். இதை எழுதும்போதே தோன்றுகிறது: வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளும் முன்பதிவு வரலாறும்தான் நகலெடுக்க முடியாதவை. அவற்றை உருவாக்கிக்குள் வைக்காமல் வேறிடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

ஜூலை 13

விலை. காட்டுவது மாதக் கணக்கு, கழிப்பது ஆண்டுக் கணக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் சிங்கப்பூரருக்கென்று இரண்டு உண்டு. விலை அமெரிக்க வெள்ளியில் இருந்தால் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் எடுக்கும். பல அட்டைகளில் அது 3 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அடுத்து, வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் இங்கே பொருள், சேவை வரி உண்டு. அது 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. விலைப் பக்கத்தில் தெரியாமல் பணம் கட்டும் பக்கத்தில் தலைகாட்டலாம். கடைசிப் பக்கம்வரை போய் மொத்தத் தொகையைப் படமெடுத்துக்கொண்டு, கட்டாமல் திரும்பி வாருங்கள்.

அப்படிக் கடைசிப் பக்கத்தில்தான் கட்டணம் ஊரும் என்பது நம் ஆணையம் அறியாததன்று. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விலை வெளிப்படைத்தன்மைக்கு வெளியிட்ட வழிகாட்டிகள் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. படிப்படியாக ஏறும் விலை, முன்கூட்டியே குறியிட்ட பெட்டிகள், ‘இலவசம்’ என்ற அறிவிப்பு ஆகியவற்றை அவை பேசுகின்றன. ஆனால் கடல்கடந்த நிறுவனத்திடம் வழிகாட்டியைக் காட்டிப் பணம் வாங்குவதைவிட, தானியங்கிப் புதுப்பிப்பை முதல் நாளே அணைத்துவிடுவது எளிது. அணைக்கும் இடம் எங்கிருக்கிறது என்று கட்டுமுன்பே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 13, மாலை

மானியம் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: உற்பத்தித்திறன் தீர்வுகளுக்கான மானியம், அதாவது பிஎஸ்ஜி, முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வுகளுக்குத் தகுதிபெறும் செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. தொழில் இங்கே பதிவுபெற்றதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டியிருந்தாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ தகுதி போய்விடும். ‘முதலில் கட்டிவைப்போம், பிறகு கோரிக்கொள்வோம்’ என்ற வழி இங்கே இல்லை. நம் சகோதரியின் தேவைக்கு இது பொருந்துமா என்பது ஐயமே. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தனியாளாகத் தொழில் செய்பவர் தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை என்பதால் பலர் பதிவதுமில்லை.

ஜூலை 16

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் தளர்த்திக்கொள்கிறேன். இலவசக் காலத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும் என்ற தொனி அதில் இருக்கிறது. அது எல்லாருக்கும் ஆகாது. பணம் வாங்கும் வசதியைப் பல உருவாக்கிகள் கட்டணத் திட்டத்தில்தான் திறக்கின்றன, வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் பேநவ் வேலை செய்கிறதா என்பதைக் கட்டாமல் அறிய வழியே இல்லை. இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனமான ஸ்ட்ரைப்பின் சிங்கப்பூர்க் கணக்கில் பேநவ் உண்டு, ஆனால் நீங்கள் எடுத்த உருவாக்கி அதைத் தன் பணப் பக்கத்தில் திறந்துவிட்டிருக்கிறதா என்பது வேறு செய்தி. உதவிப் பக்கத்தில் ‘ஸ்ட்ரைப்பை ஆதரிக்கிறோம்’ என்று இருந்தாலே பேநவ் வந்துவிடாது. சிலவற்றில் கடன் அட்டை மட்டுமே வரும்.

ஆகவே ஆண்டுத் திட்டத்துக்குப் போகுமுன் ஒரே ஒரு மாதத்துக்கு மாதத் திட்டத்தில் கட்டுங்கள். மாத விலை கூடுதல்தான், அதைச் சோதனைச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கு ஒரு பொருளைப் போட்டு, உங்கள் கணவரின் கைப்பேசியிலிருந்து வாங்கி, பணம் உங்கள் வங்கிக்கு எத்தனை நாளில் வருகிறது, எவ்வளவு பிடித்துக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். பிறகு அதே ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். திருப்பும்போது ஆரம்பப் பரிவர்த்தனைக் கட்டணம் திரும்புகிறதா என்பதும் தெரியும்.

வாடிக்கையாளர் சேவையையும் அந்த மாதத்திலேயே சோதிக்கலாம். நம் இரவு பத்து மணிக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். பதில் எழுதுவது மனிதரா, உதவிப் பக்கத்தின் இணைப்பையே திரும்பத் திரும்பத் தரும் இயந்திரமா என்று பார்க்கலாம்.

ஜூலை 19

பெயர். தளத்தின் முகவரியாகும் இந்தப் பெயரை மட்டும் உருவாக்கியிடம் வாங்காதீர்கள் என்பேன்.

ஆண்டுத் திட்டத்தோடு முதலாண்டுக்குத் தளப்பெயர் இலவசம் என்பார்கள். இரண்டாம் ஆண்டு அதற்குத் தனிக் கட்டணம். நடுவில் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பெயருக்கான தொகை பெரும்பாலும் திரும்பாது. டாட் காம் பெயர் என்றால் பதிந்து 60 நாள்வரை வேறு பதிவாளருக்கு (பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனத்துக்கு) மாற்றவும் முடியாது. பெயரைத் தனியாக ஒரு பதிவாளரிடம் வாங்கி வைத்துக்கொண்டால் உருவாக்கி மாறினாலும் முகவரி மாறாது. அட்டையில் அச்சடித்ததும் தேக்கா வட்டாரத்தில் ஒட்டிய விளம்பரமும் வீணாகாது.

சிங்கப்பூருக்குரிய டாட் எஸ்ஜி பெயரை எஸ்ஜிநிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. டாட் காம் டாட் எஸ்ஜி வணிக நிறுவனங்களுக்கானது. வெறும் டாட் எஸ்ஜியை இங்கே முகவரி உள்ள தனிநபரும் வாங்கலாம். வாங்கியபின் 21 நாளுக்குள் அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகச் சரிபார்த்துவிட வேண்டும், தவறினால் பெயரை நிறுத்திவைப்பார்கள். சரிபார்ப்பு மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களோடு (ஸ்பேம்) விழுந்துவிட்டது என்ற புலம்பலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பெயரை வாங்கிய பிறகு, அதை உருவாக்கியில் இணைப்பது எந்தக் கட்டணத் திட்டத்திலிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். இலவசத் திட்டங்களில் பொதுவாகக் கிடைக்காது. கூகல் சைட்ஸ் விதிவிலக்கு, அதில் சொந்தப் பெயரைக் கட்டணமின்றி இணைக்கலாம். ஆனால் கடை வைக்கும் வசதி அதில் இல்லை.

போகிற போக்கில்: தேசிய நூலக வாரியம் 2019 முதல் டாட் எஸ்ஜி தளங்களை அனுமதி கேட்காமலே சேகரித்து ஆவணப்படுத்தலாம். இலவச முகவரியில் இருக்கும் தளத்துக்கு அந்த வாய்ப்பு அப்படித் தானாக வருவதில்லை. உங்கள் பிளவுஸ் விலைப்பட்டியல் வருங்கால ஆய்வாளருக்குப் பயன்படலாம், சிரிக்காதீர்கள்.

ஜூலை 19, பின்னிரவு

‘டாட் சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் பெயர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ‘.சிங்கப்பூர்’ உண்மையிலேயே இருக்கிறது, அதையும் எஸ்ஜிநிக்தான் நிர்வகிக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் உருவாக்கியின் பெயர் இணைக்கும் கட்டத்தில் தமிழில் எழுதினால் ஏற்குமா, ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் குறிவடிவத்தில் எழுதினால்தான் ஏற்குமா, இரண்டையும் மறுக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்தால் பல நிறுவனங்களின் படிவங்கள் ‘செல்லாத முகவரி’ என்று திருப்பிவிடும். டாட் எஸ்ஜியை முதன்மையாக வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடும் வாசலாக மட்டும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஜூலை 26

கணக்கே திறக்காமல் பார்க்க ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை. வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் உலாவிக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் இயங்கும். பெயர், மின்னஞ்சல், அட்டை எதுவும் வேண்டாம். வார்ப்புருவை மாற்றலாம், தமிழை ஒட்டிப் பார்க்கலாம், கூடுதல் வசதி தரும் நீட்சிகளை நிறுவலாம். சேமிக்காமல் அந்தப் பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும், சோதனைக்கு அதுவே நல்லது. அது வழங்கி வாங்கி நாமே பராமரிக்கும் வகை வேர்ட்பிரஸைத்தான் காட்டுகிறது. புதுப்பித்தல், பாதுகாப்பு, காப்புநகல் எல்லாம் நம் தலையில் விழும் என்பதை அது காட்டாது. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் இருப்பவருக்கு அது வேண்டுமா என்பது கேள்விதான், வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

முழுவதும் இலவசம் என்பதை நம்பியிருக்கவும் வேண்டாம். கூகல் தன் வணிக விவரப் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. கடை விவரம் வரைபடத்தில் இருக்கிறது, தளம் இல்லை.

கேள்வி கேட்டவர் — ஆகஸ்ட் 3

நீங்கள் சொன்னபடி ஏற்றுமதி செய்தேன். கட்டுரைப் பகுதி மட்டும் வந்தது. தமிழ்த் தலைப்புகள் மகளின் கைப்பேசியில் வேறு மாதிரி தெரிந்தன. 14 நாள் முடிந்தது, கட்டவில்லை. இப்போது இன்னொன்றின் இலவசத் திட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தமிழ் எழுத்துரு இருக்கிறது. அக்டோபர் 20 தீபாவளி. அதற்குள் சொந்தப் பெயரோடு திறந்துவிடட்டுமா?

ஆகஸ்ட் 3, இரவு

வேண்டாம். இப்போதிருந்து தீபாவளிவரை உங்களுக்குத் தைக்கவே நேரம் இருக்காது. அந்த நெருக்கடியில் பணப் பக்கம் நின்றுபோனால் யார் உட்கார்ந்து பார்ப்பது? டாட் எஸ்ஜி பெயரை மட்டும் இந்த வாரம் வாங்கிச் சிங்பாஸ் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். இலவசத் திட்டத்தில் இருக்கும் பக்கத்தில் படங்கள், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் இணைப்பு மூன்றும் இருக்கட்டும். பணம் வழக்கம்போல் நேரடிப் பேநவ்வில் வரட்டும். வாடிக்கையாளர்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு எதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள் என்று குறித்துவையுங்கள். நவம்பரில் மாதத் திட்டத்தில் ஒரு மாதம் கட்டி, அந்த ஒரு வெள்ளிப் பரிவர்த்தனையைச் செய்து பார்த்துவிட்டு, ஆண்டுத் திட்டத்தைப் பற்றி இங்கேயே எழுதுங்கள். நவம்பர் கடைசியில் இந்த நிறுவனங்கள் பல ஆண்டுத் திட்டத்துக்குத் தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். அப்போதும் புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதைப் பார்த்துவிட்டே கட்டுங்கள்.